மகரக்கட்டு

ரிஷிவந்தியத்தில், அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி நடந்த ஒரு கூத்து இரவில்தான் அந்தச் சொல்லைப் புத்தகத்துக்கு வெளியே முதன்முறையாகக் கேட்டேன். முந்தைய ஆண்டு அபிமன்யு வேடம் கட்டி ஊரையே கலங்கடித்த பையன், அன்று அரிதாரம் ஏதுமின்றிப் பின்பாட்டுக்காரர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஏன் வேடம் கட்டவில்லை என்று விசாரித்தேன். ஆர்மோனியத்தின் முன்னிருந்த பெரியவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "மகரக்கட்டுங்க. என்ன கொரலு வருதுன்னு பாத்துட்டுத்தான் வேஷம்."

ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும் பருவத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. அதுவரை எட்டாத உயரத்தில் சஞ்சரித்த தொண்டை, ஒரு நாள் திடீரெனப் பிசிறும். எடுத்த சுருதியில் நிற்காது. சில மாதங்களில் வேறொரு மனிதனின் குரலாகி வெளிவரும். சில தொண்டைகள் பாட்டுக்குத் திரும்புவதே இல்லை. குழந்தைக் குரலைத் தேர்ந்தெடுப்பது என்பது, முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். தேசங்கள் தத்தம் குழந்தைப் பாடகரைப் பொறுக்கியெடுத்து உலக மேடைக்கு அனுப்பும் போட்டிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சிப் பையன் நினைவுக்கு வருகிறான். இப்படிக் குரல் பொறுக்கும் வேலையைத் தமிழ்நாடு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. அதன் வரலாறு நம் இசை வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது என் ஆதங்கம்.

குழந்தை பாடினால் அதைத் தெய்வம் தேர்ந்தெடுத்ததாகக் கொள்வது நம் பழைய வழக்கம். சீகாழியில் மூன்று வயதில் பாடத் தொடங்கிய சம்பந்தர் இந்தப் பக்கமும் வந்திருக்கிறார். பெண்ணையாற்றங்கரை அறையணிநல்லூரில், இன்றைய அரகண்டநல்லூரில், நின்று தொலைவிலிருந்த அண்ணாமலையைத் தொழுததாகச் சேக்கிழார் சொல்கிறார். அவருக்கு மகரக்கட்டு வந்ததா என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. பதினாறு வயதில் சோதியில் கலந்துவிட்டவரிடம் அந்தக் கேள்விக்கு இடமுமில்லை.

தெய்வத்திடமிருந்து அந்த வேலையை மனிதர்கள் எடுத்துக்கொண்டது பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட பாலர் நாடக சபைகளின் காலத்தில். வயது வந்த நடிகர்களின் கட்டுக்கடங்காமையில் சலித்த சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்தும் வழிக்கு வந்தார். 1918ஆம் ஆண்டு மதுரையில் அவரை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. ஸ்திரீபார்ட் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகள் அந்தச் சபையில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. பிற்காலத்தில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற அரிய நூலை எழுதியவர் இவர்தான். இந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

கம்பெனியில் சேர வரும் பையனைப் பார்த்து முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "பாடுவாயா?" என்பதுதான். முகவெட்டும் நடையும் அதற்குப் பின்னால் வருபவை. இதற்குக் கலைக் காரணத்தைவிடத் தொழில் காரணமே பெரிது. ஒலிபெருக்கி இல்லாத காலம். தகரக் கொட்டகையில் தரை டிக்கெட்டின் கடைசி வரிசைவரை சொல்லும் சுருதியும் போய்ச் சேர வேண்டும். ஆர்மோனியத்தில் உயர்ந்த கட்டையில் சுருதி வைத்தால் பெரியவர்களின் தொண்டை திணறும். சிறுவனின் தொண்டை தடையின்றி ஏறும். செங்கோட்டையிலிருந்து வந்து ஐந்து வயதில் மேடையேறிய கிட்டப்பாவின் புகழ் முழுவதும் அந்த உச்சஸ்தாயியில்தான் நின்றது. வளர்ந்த பிறகும் அந்த உயரம் அவரை விட்டுப் போகவில்லை என்பது அபூர்வத்திலும் அபூர்வம். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இருபத்தேழு வயதில் அவரே போய்விட்டார். கொடுமுடி சுந்தராம்பாள் பிச்சைக்காரப் பெண்ணைப் போல ரயிலில் பாடிக்கொண்டு போனவர். அங்கே கேட்டவர்கள்தான் அவரை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லதங்காளின் பிள்ளையாகப் பசியில் அழும் வேடத்தில் தொடங்கினார். உண்மையான பசியை அறிந்த குரல் அது என்பதால் கூட்டம் அழுதிருக்க வேண்டும்.

மகரக்கட்டு வந்த பையனைக் கம்பெனி என்ன செய்தது? அவனைச் சும்மா வைத்துச் சோறு போடும் தர்மசிந்தனை எந்த முதலாளிக்கும் இல்லை. ஆனால் கம்பெனி ஒரு முழு உலகம். ராஜபார்ட் போனால் கள்ளபார்ட் உண்டு; கள்ளபார்ட் போனால் பபூன் உண்டு; அதுவும் இல்லையென்றால் காட்சித் திரையை இழுக்கவும், ஆர்மோனியம் பழகவும், இளைய பையன்களுக்குப் பாடம் சொல்லிவைக்கவும் ஆள் வேண்டும். குரல் உடைவது அங்கே எதிர்பாராத விபத்து அன்று. அது எப்போதும் யாராவது ஒருவனுக்கு நேர்ந்துகொண்டேயிருந்த, பெயர் வைக்கப்பட்ட, கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று. சண்முகமே இதற்குச் சாட்சி. பாலனாகப் பாடிப் புகழ்பெற்றவர், 1940களில் தம் முப்பதாவது வயதையொட்டி ஒரு மூதாட்டியின் வேடம் கட்டி, அந்த வேடத்தின் பெயராலேயே 'ஔவை' சண்முகம் ஆனார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் ஒரு சிறுவன், தனக்கு யாருமில்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். தாய் தந்தை இருவரும் உயிரோடிருந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் சிவாஜி கணேசன். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் எம்.ஜி.ஆர். பாட்டே முதல் தகுதியாயிருந்த இடங்களில் உருவான இந்த இருவரும், திரையில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை டி.எம். சௌந்தரராஜனின் குரலுக்கு வாயசைத்தே கழித்தார்கள்! தொண்டை போன பிறகும் மிச்சமிருந்த உடம்பையும் உச்சரிப்பையும் கம்பெனி பழக்கிவைத்திருந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது பாய்ஸ் கம்பெனியை ஒரு குருகுலமாகச் சித்திரித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அது குருகுலம் அன்று. பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வீட்டைக் காணாமல் ஊர் ஊராகத் திரிந்தார்கள். வாத்தியாரின் பிரம்பு பாடத்தின் ஒரு பகுதி. இரவு முழுக்க நாடகம், பகலில் ஒத்திகை. இருட்டில் தப்பியோடியவர்களும் உண்டு. வறுமைதான் அந்தக் கொட்டகைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த தரகன். சுவாமிகளின் முடிவும் துயரமானதே. அத்தனை குரல்களைப் பழக்கியவர் பக்கவாதத்தில் வீழ்ந்து, 1922ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியில் இறந்தபோது அவரைச் சுற்றி இருந்தவை அந்தச் சிறுவர்களின் முகங்களே.

ஒலிவாங்கியும் பேசும்படமும் வந்ததும் உயர்ந்த கட்டைக்கு இருந்த தேவை மெல்லக் குறைந்தது. பின்னணி பாடும் முறை நிலைத்தபின் இன்னும் விசித்திரமான ஒன்று நிகழ்ந்தது: தமிழ்த் திரை, குழந்தையின் குரலுக்குக் குழந்தையைத் தேடுவதையே ஏறத்தாழ நிறுத்திக்கொண்டது. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி, 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்கும் அவரே. ஒரு தலைமுறை முழுவதும் குழந்தைக் குரல் என்று மனத்தில் பதித்து வைத்திருப்பது வளர்ந்த ஒரு பெண்மணியின் குரலை. ஒருவகையில் இது மிகவும் நாகரிகமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. அந்தக் குரலுக்கு மகரக்கட்டு வராது. எந்தக் குழந்தையும் அதற்காக உறக்கம் இழக்கவில்லை.

இதே காலத்தில் இத்தாலியர்கள் வேறொரு வழி கண்டார்கள். 1959இல் தொடங்கிய 'செக்கினோ தோரோ' என்ற குழந்தைப் பாட்டு விழாவில் பாடுபவை குழந்தைகள், போட்டியிடுபவை பாட்டுகள். பரிசு பாட்டை இயற்றியவர்களுக்குப் போகும். தீர்ப்புச் சொல்லும் நடுவர்களும் குழந்தைகளே. போலோன்யா நகரின் அந்தோனியானோ நிறுவனத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் அந்த விழாவில் தோற்றுப்போவது ஒரு மெட்டு, குழந்தை தோற்பதில்லை.

ஐரோப்பா முழுவதற்குமான போட்டி 2003ஆம் ஆண்டு நவம்பரில் கோபன்ஹேகனில் தொடங்கியபோது கதை மாறியது. 'ஜூனியர் யூரோவிஷ'னில் பாடும் குழந்தை ஒரு தேசத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பதினாறு நாடுகள் வந்தன. குரோவேஷியாவின் சிறுவன் வென்றான். சில நாடுகள் தேர்வுச் சுற்றுகள் நடத்தி மக்கள் வாக்கால் தம் குழந்தையைத் தேர்ந்தன. சில நாடுகளில் ஒளிபரப்பு நிலையமே ஓசைப்படாமல் ஒருவரை நியமித்தது. தொடக்க ஆண்டுகளில் குழந்தைகள் தம் பாட்டைத் தாமே எழுத வேண்டும் என்று விதி இருந்தது. எந்தக் குழந்தையும் சுழியத்தோடு வீடு திரும்பக் கூடாது என்பதற்காக 2005 முதல் எல்லோருக்கும் முன்னதாகவே பன்னிரண்டு புள்ளிகள் வழங்கும் வழக்கமும் சில ஆண்டுகள் இருந்தது. அப்படியும் டென்மார்க்கும் நார்வேயும் 2005க்குப் பிறகு விலகித் தமக்குள் சிறிய நோர்டிக் விழா ஒன்றை வைத்துக்கொண்டன. இவற்றுள் முதல் போட்டியைத் தன் தலைநகரில் நடத்திய டென்மார்க், குழந்தைகளை இவ்விதம் நடத்துவது முறையா என்ற ஐயத்தைப் பேசியே வெளியேறியது. வீட்டுக்காரரே முதல் பந்தியில் எழுந்து போனதைப் போன்றது அது.

நமக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. ஆனால் தொலைக்காட்சி நமக்கென்று ஒன்றை உண்டாக்கிவிட்டது. 2000களின் பின்பகுதியில் தொடங்கிய சூப்பர் சிங்கர் ஜூனியரும் பின்னர் வந்த சரிகமப லிட்டில் சாம்ப்ஸும் பாடகரைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், அவற்றின் சில சுற்றுகளில் தமிழர்கள் தேர்ந்தெடுத்தது வேறொன்றை. 2015இல் கனடாவிலிருந்து வந்த ஈழத்துச் சிறுமி ஜெசிக்கா இரண்டாம் இடம் பெற்று, பரிசாக அறிவிக்கப்பட்ட ஒரு கிலோ தங்கத்தைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தருவதாக மேடையிலேயே சொன்னபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓர் இசைப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்து அரியாலைச் சிறுமி கில்மிஷா வென்றார். அதே மேடையில் புசல்லாவையின் நயப்பனைத் தோட்டத்திலிருந்து வந்த அசானியும் பாடினார். மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் இருநூறு ஆண்டு நிறைந்ததாக நினைவுகூரப்பட்ட ஆண்டு அது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களில் திருச்சி, சேலத்தோடு பழைய தென்னார்க்காடும் ஒன்று. ரிஷிவந்தியம் அதில்தான் இருந்தது. நாடில்லாதவர்களும் நாட்டில் பாதி இடம் பெற்றவர்களும் ஒரு குழந்தையின் தொண்டையில் தம்மை ஏற்றிவைக்கிறார்கள். அந்த உணர்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன், நானும் கண்கலங்கியவன்தான். பத்து வயதுத் தொண்டைக்கு அது எத்தனை கனம் என்பதை மறுநாள் காலையில்தான் யோசித்தேன்.

அந்தக் குழந்தைகள் பாடுவதும் பெரும்பாலும் பெரியவர்களின் பாட்டு. விரகமும் ஏக்கமும் ததும்பும் திரைப்பாடலைப் பொருள் தெரியாமல் பிழையறப் பாடினால் நடுவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். பொருள் தெரிந்து பாடியிருந்தால் நாம் இன்னும் அதிகமாகக் கவலைப்பட வேண்டும். கல்கத்தாவில் 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் நடுவர்கள் கடிந்துகொண்டதற்குப் பிறகு ஒரு மாணவி பேச்சை இழந்தாள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. விதிகள் வந்தன. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பணிபுரியக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ச்சியாக மூன்று மணிக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது இருபது விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாக இடப்பட வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பிள்ளைகள் கனவிலும் காணாத காப்பு இது. போட்டி முடிந்து, வண்டி அனுப்புவது நின்று, குரல் உடைந்து, வீட்டில் யாரும் பாடச் சொல்லாத அந்த ஓராண்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சட்டத்தில் எழுதக்கூடிய விஷயமும் அன்று அது.

அடுத்த ஆண்டும் ரிஷிவந்தியத்துக்குப் போயிருந்தேன். பையன் பெஞ்சியில் இல்லை. திரைக்குப் பின்னால் முகத்தில் பாதி அரிதாரத்தோடு உட்கார்ந்திருந்தான். என்ன வேடம் என்று கேட்டேன். "துச்சாதனன்" என்றான், புதிய, கட்டையான குரலில். பக்கத்தில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் அபிமன்யுவுக்காகக் கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு மை தீட்டிவிட்டது இவன்தான்.