டெக்சஸ் குடியரசு

டெக்சஸ் குடியரசு (1836–1845): மெக்சிகோவின் வடகோடிப் பிரதேசமாயிருந்த டெக்சஸில் குடியேறிய அமெரிக்கர்கள், அங்கு வாழ்ந்த ஸ்பானிய மொழியினர் சிலருடன் கூடி, 1836 மார்ச் 2-இல் சுதந்திரப் பிரகடனம் செய்து நிறுவிய நாடு. ஏப்ரல் 21-இல் சான் ஹசின்டோவில் சாம் ஹூஸ்டனின் சேனை மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் படையைச் சுமார் 18 நிமிஷங்களில் முறியடித்து, மறுநாள் அவரையே சிறைப்பிடித்ததாயினும், மெக்சிகோ இந்நாட்டை அங்கீகரிக்க மறுத்ததுடன், 1842-இல் சான் அன்டோனியோ நகரை இருமுறை கைப்பற்றவும் செய்தது.

ஹூஸ்டனுக்குப்பின் அதிபரான மிரபோ லமார், கோமான்சி இனத்தாரோடு யுத்தமும், 1841-இல் சாந்தா பே நகரை நோக்கி விபரீதமாய் முடிந்த யாத்திரையும் நடத்திப் பொக்கிஷத்தை வறிதாக்கினார். அவர் அச்சிட்ட காகித நாணயம் மதிப்பிழந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் இணைய மக்கள் ஆதியிலேயே வாக்களித்திருந்தும், அடிமை முறையை அரசியல் சாசனத்திலேயே பாதுகாத்த நாட்டைச் சேர்த்துக்கொள்ள வடபகுதியினர் இசையாமையால், 1844-இல் இணைப்பு உடன்படிக்கையைச் செனட் சபை நிராகரித்தது. ஆயினும், பிரிட்டன் இங்கே செல்வாக்குப் பெறுமோ என்னும் அச்சமும் சேர, 1845 மார்ச்சில் இரு சபைகளின் கூட்டுத் தீர்மானத்தால் வழி திறந்து, டிசம்பர் 29-இல் டெக்சஸ் 28-ஆவது மாநிலமாயிற்று. அடுத்த ஆண்டே மெக்சிகோவுடன் யுத்தம் மூண்டது. குடியரசு விட்டுச்சென்ற கடனோ, மேற்குநிலப் பாத்தியதைகளைத் துறந்து 1850-இல் ஒரு கோடி டாலர் பெற்ற பின்னரே தீர்க்கப்பட்டது.