மூடி செய்த வேலை

1858-இன் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் படமெடுத்த கேமராவில் ஷட்டர் கிடையாது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், மெழுகு ஏற்றிய காகிதத்தை நெகட்டிவாகப் பயன்படுத்தினார். அந்தக் காகிதம் ஒளியை மிக மெதுவாக வாங்கும். லென்ஸ் நிமிடக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். மூடியைக் கையால் கழற்றி, நேரம் எண்ணி, திரும்ப மாட்டினால் படம் முடிந்தது. சிக்கிக்கொள்ள அதில் ஒரு திருகுகூட இல்லை. ஆனால் நடந்துபோகிறவர் அத்தகைய படத்தில் பதியமாட்டார். ஊர் இருக்கும், ஊரார் இருக்கமாட்டார்கள். அந்த ஆண்டே வெளிவந்த அவருடைய தொகுப்புகளில் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கத்து மண்டபங்களும் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம். இன்று 236 அடி உயரம் நிற்கும் தெற்கு ராஜகோபுரம் அப்போது பாதியில் நின்ற வாயில்தான். அது முழுமை பெற்றது 1987-இல்.

1869-இல் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் இங்கே வந்தபோது ஈரம் காயாத கண்ணாடித் தகட்டின் காலம். ஒளி படும் நேரம் நொடிகளாகக் குறைந்தது. அதற்கும் மூடியே போதும். 1880-களில் பரவிய ஜெலட்டின் உலர்தகடுதான் நிலைமையை மாற்றியது. அதற்கு நொடியில் ஒரு பின்னமே போதும்; அதைக் கையால் அளக்க எவராலும் முடியாது. முதலில் சுருள்துணி ஷட்டர், பிறகு மெல்லிய உலோக இதழ்கள் விரிந்து மூடும் ஷட்டர் என்று கருவிகள் வந்தன. மியூனிக்கில் டெக்கல் நிறுவனம் செய்த காம்பர் என்ற இதழ் ஷட்டர் 1912-ஐ ஒட்டி வந்தது. துணித்திரை ஓடும் லைக்கா 1925-இல்.

கையில் எடுத்துப்போகும் கேமராக்களில் எளியது வதோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III. ஒரே ஸ்பிரிங், அதனால் கோளாறும் குறைவு. கல்யாண வீடுகளுக்கு வந்த இரட்டை லென்ஸ் யாஷிகா, பின்னாளின் பென்டாக்ஸ் கே1000 எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தவரை, சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்து திரும்புகிறவர் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆகவே ஒரு கேமரா பல கைகள் மாறியது. காவிரிக் கரையின் ஈரக்காற்றும் மணல் தூசியும் கூடவே மாறி வந்தன.

பழைய கேமராவில் ‘ஷட்டர் ஜாம்’ என்று சொல்லப்படுவதில் பாதி, ஜாமே அல்ல. இரட்டை லென்ஸ் யாஷிகா பலவற்றில் ஃபிலிமைச் சுற்றாமல் பட்டனை அழுத்தினால் அமுங்காது; ஒரே ஃபிலிமில் இரு படம் விழாதிருக்க வேண்டுமென்றே வைத்த பூட்டு அது. கேனான் ஏஈ-1 பேட்டரி இல்லாமல் அசையாது. யாஷிகா எலக்ட்ரோ 35 அசையும். ஆனால் 1/500 நொடியிலேயே ஓடிப் படங்களை இருட்டாக்கும்.

உண்மையான சிக்கலுக்கு முதல் காரணம் எண்ணெய். லென்ஸின் திருகுமரையில் தடவிய கிரீஸ் வெயிலில் இளகி இதழ்களுக்குப் பரவும். சவர பிளேடைவிட மெல்லிய இதழ்கள் ஈரக் காகிதம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவை உலர்ந்தே ஓடவேண்டியவை. இது தெரியாமல் மேலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதுதான் நடக்கும் பெரிய தவறு. வாட்ச் ரிப்பேர்க்காரர் கையாளும் ஒயிட் பெட்ரோலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதே முறை. கரைந்த கிரீஸ் ஓரத்தில் திரும்பப் படியுமாதலால் ஒரு தடவை போதாது.

அடுத்தது, மெதுவான வேகங்களைக் காக்கும் பற்சக்கரக் கோவை. கசடு இறுகினால் 1/100 ஒழுங்காக ஓடும், ஒரு நொடி மட்டும் பாதியில் நிற்கும். காம்பரில் ‘வி’ என்று குறித்த செல்ஃப் டைமர் இன்னும் மோசம்: பல ஆண்டு தூங்கிய அதை ஒருமுறை இழுத்தால் ஷட்டர் முழுவதும் அதோடு நின்றுபோகலாம். காம்பர் ராபிடில் 1/500-க்குத் தனி ஸ்பிரிங் உண்டு. ஷட்டரை ஏற்றுமுன் அந்த வேகத்தை வைக்க வேண்டும், ஏற்றியபின் திருகினால் உள்ளே ஏதேனும் ஒடியும்.

பென்டாக்ஸ் வகையில் உள்கண்ணாடி மேலே ஏறி அங்கேயே நின்றால், இரண்டாவது துணித்திரை ஓட்டத்தை முடிக்கவில்லை என்று பொருள். பழைய மசகு இறுகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இதைத் திறக்கத் தேர்ந்த கை வேண்டும்.

வாங்கும்போது ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கி ஒவ்வொரு வேகமாக ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் கண்ணிலேயே தெரியும். லைக்கா வகையில் மட்டும் திரையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சூரியனை நோக்கித் திறந்து வைத்த லென்ஸ், கருந்துணியைப் பூதக்கண்ணாடிபோல் பொசுக்கிவிடும். பங்குனி வெயிலில் இதற்கு நெடுநேரம் ஆகாது. தடுப்பது லென்ஸ் மூடி ஒன்றே.