மகுடம், கழுகு, மறைந்த பெயர்: ஜெர்மன் துப்பாக்கிகளின் முத்திரைகள்

பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றின் பிடியில் '76.ஆர்.8.12' என்று பொறித்திருந்தால் ஏதோ ரகசியக் குறி என்று மலைக்க வேண்டியதில்லை. 76ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், 8ஆம் கம்பெனி, 12ஆம் ஆயுதம், அவ்வளவே. ஹாம்பர்க் நகரத்தின் படை அது. முன்னால் 'பி' என்று இருந்தால் பவேரியப் படை. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் பெயர் வெட்டிவைத்தது போன்ற உடைமைக் குறிதான்.

கைசர் காலத்து முத்திரைகள் எதையும் ஒளிக்கவில்லை. 98ஆம் மாடல் ரைஃபிளில் மகுடமும் அதன் கீழே ஸ்பாண்டாவ், டான்சிக், எர்ஃபுர்ட், ஆம்பெர்க் என்று தொழிற்சாலை ஊரும் ஆண்டும் பளிச்சென்று தெரியும். பயனெட்டின் முதுகில் மகுடம், 'டபிள்யூ', '15' என்று கண்டால், கைசர் வில்ஹெல்ம் ஆட்சியில் 1915இல் ஏற்கப்பட்டது என்று பொருள்.

குழப்புவது '1920'. பலர் அதை உற்பத்தி ஆண்டு என்றே கொள்கிறார்கள். உண்மையில், முதல் உலகப் போர் முடிந்தபின் பொதுமக்களிடம் சிதறிக் கிடந்த ஆயுதங்களிலிருந்து அரசின் ஆயுதத்தைப் பிரித்தறிய இட்ட உடைமை முத்திரை அது. எனவே 1916, 1920 என இரண்டு ஆண்டுகளைத் தாங்கிய துப்பாக்கி போலியன்று.

வெர்சாய் ஒப்பந்தத்துக்குப் பிறகு முத்திரையின் வேலையே தலைகீழானது. ஆயுத உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டதால், மவுசர் நிறுவனம் தன் பெயரை மறைத்து 'எஸ்/42' என்று பொறித்தது. ஆண்டும் மறைந்தது: 1934க்கு 'கே', 1935க்கு 'ஜி'. 1941இல் அதே நிறுவனம் 'பி-ஒய்-எஃப்' ஆனது, 1945இல் 'எஸ்-வி-டபிள்யூ'. மகுடம் இருந்த இடத்தில் கழுகு அமர்ந்து, அதன் கீழே பரிசோதனை அலுவலகத்தின் எண் வந்தது. வரிசை எண்களும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின. பத்தாயிரத்தை எட்டியதும் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஒன்று.

உற்பத்தி அளவை வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் வீணன்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு நிபுணர்கள் கைப்பற்றிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்தே கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்டில் ஜெர்மனி 1,550 டாங்கி செய்ததாக உளவுத்துறை மதிப்பிட்டது. எண்கள் சொன்னது 327. போருக்குப் பின் ஆவணங்களில் கிடைத்த உண்மைத் தொகை 342!

இன்று இம்முத்திரைகளே சந்தையில் விலையைத் தீர்மானிக்கின்றன. அதனால் புதிதாகப் பொறித்த போலிகளும் உலவுகின்றன. உண்மையான குறிகளை அழிப்பதோ பெரும்பாலும் அறியாத கை. ஆகவே இத்தகைய ஆயுதங்களைப் பேணுவோருக்கு ஒரு வேண்டுகோள்: துரு நீக்குவதாக எண்ணி உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து, சிறு உதிரிகளில் உள்ள வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் முதலில் குறித்துவையுங்கள்.