மாத்தளை மாவட்டத்து டீசல் லொறிகளின் எஞ்சின் ஒயில்

டீசல் லொறிகளுக்கான எஞ்சின் ஒயில் இரண்டு பெரும் வகைகளாக விற்கப்படுகிறது. ஒன்று மினரல் எனப்படும் வழமையான கனிம ஒயில். மற்றது சிந்தெட்டிக் எனப்படும் செயற்கை ஒயில். இரண்டையும் கலந்த செமி சிந்தெட்டிக் வகையும் கடைகளில் உண்டு. விலை கூடியதே எஞ்சினுக்கு நல்லது என்பது பரவலான நம்பிக்கை. மாத்தளை மாவட்டத்தில் ஓடும் லொறிகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பாதிதான் மெய். செயற்கை ஒயிலின் சிறப்புகள் ஐயமின்றி நிறுவப்பட்டவை. ஆயினும் அவற்றுள் முதன்மையானது கடுங்குளிரில்தான் வெளிப்படும். இங்கு ஒயிலைக் கெடுப்பவை கந்தகம், புகைக்கரி, தூசு ஆகிய மூன்றுமே. ஆகவே இம்மாவட்டத்தின் பெரும்பாலான லொறிகளுக்கு, உரிய தரக்குறியுள்ள மினரல் ஒயிலை உரிய வேளையில் மாற்றுவதே பொருத்தமானது. செயற்கை ஒயில் சிலவகை ஓட்டங்களில் மட்டுமே தன் விலையை மீட்டுத் தரும்.

வண்டிகளும் பாதைகளும்

மாவட்டத்தின் சரக்கு ஓட்டத்தை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றிய மரக்கறி ஓட்டம். ஏ-6 வீதியில் குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றரும், ஏ-9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றரும் இந்த லொறிகள் இடைவிடாது ஓடுகின்றன. இரண்டாவது, இறத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை பக்கத்துத் தோட்டங்களின் தேயிலை, மிளகு, கொக்கோ ஆகியவற்றை ஏற்றும் குறுந்தூர ஓட்டம். வளைவும் ஏற்றமும் மிகுந்த பாதை, தாழ்ந்த கியர், அடிக்கடி நிறுத்தம் என்பன இதன் இயல்பு. மூன்றாவது, மணலும் கல்லும் ஏற்றும் டிப்பர்கள். இவை ஓடும் தூரம் குறைவு. எஞ்சின் வேலை செய்யும் நேரமும் சூழ்ந்திருக்கும் தூசும் அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து அது படிப்படியாகத் தளரும் வரையிலான ஆண்டுகளில் புதிய வண்டிகளின் வரவு ஏறத்தாழ நின்றது. எனவே இந்த மூவகை ஓட்டத்திலும் பழைய எஞ்சின்களே மிகுதி. ஒயில் பற்றிய எந்தத் தீர்ப்பும் அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாக வகுத்துள்ளது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து வடித்துத் தூய்மையாக்கியவை. மினரல் எனப்படுபவை இவையே. மூன்றாம் தொகுதியும் கச்சா எண்ணெயிலிருந்தே பிறப்பதுதான். ஆனால் உயர் அழுத்தத்தில் ஐதரசனோடு தாக்கமுறச் செய்து மூலக்கூறுகளையே மாற்றியமைத்தது. நான்காம் தொகுதியான பொலிஅல்பாஒலிபின் தொழிற்சாலையில் கட்டி எழுப்பப்படுவது. எசுத்தர்கள் முதலிய ஏனையவை ஐந்தாம் தொகுதியில் அடங்கும். மூன்றாம் தொகுதியைச் செயற்கை என்று விற்பது முறையா என்ற சர்ச்சையில், காஸ்ட்ரோலுக்கு எதிராக மொபில் எழுப்பிய முறைப்பாட்டை விசாரித்த அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, 1999இல் காஸ்ட்ரோலுக்குச் சார்பாக முடிவு செய்தது. அன்றிலிருந்து கலனின் மேல் உள்ள சிந்தெட்டிக் என்ற சொல் உள்ளே எந்தத் தொகுதி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. வாங்குபவருக்குப் பயன்படுவது அதே கலனில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு குறிகள்: பிசுக்குமை எண்ணும், சீ.ஐ.-4, சீ.கே.-4 போன்ற தரக்குறியும். சீ.ஐ.-4 2002இலும் சீ.கே.-4 2016இலும் நடைமுறைக்கு வந்தவை. இத்தகைய தரக்குறிக்கான சோதனைகளில் தேறிய மினரல் ஒயில், அவற்றில் தேறாத செயற்கை ஒயிலைவிட மேலானது.

வெப்பமும் பிசுக்குமையும்

ஓட மறுக்கும் தன்மையே பிசுக்குமை. 15டபிள்யூ-40 என்ற குறியில் முன்னெண் குளிரில் ஒயில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதையும், பின்னெண் எஞ்சின் சூடேறிய பின் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. 5டபிள்யூ-40 எனும் செயற்கை ஒயிலும் 15டபிள்யூ-40 எனும் மினரல் ஒயிலும் 100 பாகை செல்சியஸில் ஒரே வரம்புக்குள், அதாவது 12.5 முதல் 16.3 சென்ரிஸ்டோக்ஸுக்குள் இருந்தாக வேண்டும். வேறுபாடு முன்னெண்ணில்தான். 15டபிள்யூ ஒயில் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையிலும் பம்பினால் இழுக்கப்பட வேண்டும் என்பது விதி. 5டபிள்யூ ஒயிலுக்கு அந்த எல்லை பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை. கனடாவிலோ நோர்வேயிலோ விடியற்காலையில் லொறியைக் கிளப்புபவருக்கு இந்த 10 பாகை பெரும் பொருளுடையது. தம்புள்ளையிலோ கலேவெலயிலோ விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது; நக்கிள்ஸ் மலைச்சரிவிலும் அது உறைநிலையைத் தொடுவதில்லை. செயற்கை ஒயிலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி, இம்மாவட்டத்தில் ஒருபோதும் வராத குளிருக்கான காப்புறுதியாகவே போகிறது.

சூட்டில் நிலை வேறு. ஒட்சியேற்றத்தின் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் வழங்கும் பொதுக்கணிப்பு. ஒரே சீரான மூலக்கூறுகளால் ஆன செயற்கை எண்ணெய் இதை மேலாகத் தாங்கும். பாரத்தோடு பலாகடுவ ஏற்றத்திலோ ரிவஸ்டன் பக்கத்து வளைவுகளிலோ ஏறி முடித்த வண்டியின் எஞ்சினை உடனே நிறுத்தினால், டர்போவின் அச்சில் தேங்கிய ஒயில் கருகிப் படியும். அந்தப் படிவு செயற்கை ஒயிலில் குறைவு. இது அதன் மெய்யான வலிமை, மறுப்பதற்கில்லை. எனினும் நிறுத்துமுன் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டால் இதே காப்பின் பெரும்பங்கு செலவின்றிக் கிடைத்துவிடும்.

ஒயிலை உண்மையில் கெடுப்பவை

லொறியிலிருந்து வடிக்கப்படும் பழைய ஒயில் பெரும்பாலும் ஒட்சியேற்றத்தால் மட்டும் கெட்டுப்போனதாக இருப்பதில்லை. முதற் காரணம் கந்தகம். இலங்கையில் சுப்பர் டீசல் 2018 முதல் யூரோ-4 தரத்தில், அதாவது 10 இலட்சத்தில் 50 பங்குக்கு மேற்படாத கந்தகத்தோடு வருகிறது. பெரும்பாலான லொறிகள் நிரப்புவது விலை குறைந்த ஓட்டோ டீசல். அதில் கந்தகம் இதைவிடக் கூடுதல். எரியும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை நடுநிலையாக்குவது ஒயிலில் கலக்கப்பட்ட கல்சியம், மக்னீசியம் சார்ந்த காரச் சேர்மானம். அது செலவாகித் தீர்ந்த நாளில் ஒயிலின் ஆயுளும் தீர்கிறது. அடிப்படை எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்தக் காரத்தை மீண்டும் உண்டாக்கித் தராது. இவ்விடத்தில் புதிய தரக்குறி எப்போதும் மேலானது என்ற எண்ணமும் தடுமாறுகிறது. சீ.ஐ.-4 நூற்றுக்கு 0.5 பங்கு வரை கந்தகமுள்ள டீசலுக்கு வகுக்கப்பட்டது. சீ.கே.-4 வகுக்கப்பட்ட எல்லை 10 இலட்சத்தில் 500 பங்கு, அதாவது அதில் பத்தில் ஒன்று. புகைவடிகட்டி இல்லாத பழைய எஞ்சினில் ஓட்டோ டீசல் ஊற்றுபவருக்கு 15டபிள்யூ-40 சீ.ஐ.-4 பொருத்தமான தெரிவு.

இரண்டாவது புகைக்கரி. தேய்ந்த இன்ஜெக்டரும் அடைபட்ட எயார் பில்டரும் உள்ள எஞ்சினில் கரி ஒயிலில் கலந்து அதைத் தடிமனாக்கும். ஒரு மணி நேரம் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சமம் என்று கணக்கிடும் உற்பத்தியாளர் உண்டு. டிப்பருக்குக் கிலோமீற்றரைவிட எஞ்சின் மணிநேரமே சரியான அளவுகோலாவது இதனால்தான். மூன்றாவது தூசு. மணற்றுகள் எஞ்சினுக்குள் புகுந்தால் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். அதைத் தடுப்பது எயார் பில்டர். புகுந்துவிட்டதை வெளியேற்றுவது ஒயில் பில்டரும் ஒயில் மாற்றமும். இந்த மூன்றின் முன்னும் இருவகை ஒயிலும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நிற்கின்றன.

செலவுக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். மினரல் ஒயிலின் விலையை 1 என்று கொண்டால், பில்டருக்கும் கூலிக்கும் 0.3 என வைத்து ஒரு மாற்றத்தின் செலவு 1.3 ஆகும். செயற்கை ஒயிலின் விலை இரண்டரை மடங்கானால் அதே மாற்றத்தின் செலவு 2.8. மினரல் ஒயிலை 5,000 கிலோமீற்றரில் மாற்றும் வண்டியில், செயற்கை ஒயில் ஏறத்தாழ 10,800 கிலோமீற்றர் ஓடினால்தான் செலவு சமனாகும். ஓட்டோ டீசலில் ஓடும் பழைய எஞ்சினில், ஆய்வுகூடச் சோதனையின்றி அவ்வளவு தூரம் நீட்டுவது எஞ்சினைப் பணயம் வைப்பதற்குச் சமம். நீட்டாமல் 5,000இலேயே மாற்றினால் கூடுதல் விலை முழுவதும் வடிகாற் பீப்பாய்க்கே போகிறது. இலங்கையில் கலக்கப்படும் ஒயிலுக்கும் அடிப்படை எண்ணெய் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது இருவகை ஒயிலும் விலை உயர்ந்தன. இருவகையின் விலையும் ஒரே விகிதத்தில் உயர்ந்தால் மடங்கு மாறாது. ரூபாவில் கணக்கிடும் வித்தியாசம் மட்டும் பெருகும்.

மறுப்புகளும் விடைகளும்

செயற்கை ஒயில் டீசலை மிச்சப்படுத்துமே என்பது வலுவான மறுப்பு. வட அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் 15டபிள்யூ-40ஐ விட்டு 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயிலுக்கு மாறியதால் ஏறத்தாழ 0.5 முதல் 1.5 விழுக்காடு மிச்சம் மதிப்பிடப்பட்டுள்ளது. லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 10,000 கிலோமீற்றரில் ஒரு விழுக்காடு என்பது 14 லீற்றர் டீசல். சிறு தொகையென்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்த மிச்சம் மெல்லிய தன்மையின் பயன். 10டபிள்யூ-30 மினரலிலும் செமி சிந்தெட்டிக்கிலும்கூடக் கிடைக்கும். சூட்டில் 15டபிள்யூ-40 நிற்கும் அதே வரம்பில் நிற்கும் 5டபிள்யூ-40இலிருந்து அத்தகைய மிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. பேரிங் இடைவெளி விரிந்த பழைய எஞ்சினில் மெல்லிய ஒயில் அமுக்கத்தையும் குறைக்கும்.

கையிலிருக்கும் பழைய எஞ்சினுக்கு மிகச் சிறந்ததையே கொடுக்க வேண்டாமா என்பது இரண்டாவது மறுப்பு. கொடுக்க வேண்டும்தான். எனினும் அதே பணத்தில் எயார் பில்டரை இருமுறை மாற்றி, இன்ஜெக்டரையும் சரிபார்க்கலாம். ஓட்டோ டீசலும் தூசும் உள்ள இடத்தில் எஞ்சினின் ஆயுளை அதிகம் நீட்டுவது இதுவே. பழைய எஞ்சினில் செயற்கை ஒயில் ஊற்றினால் கசியும் என்று கராஜ்களில் சொல்லப்படுவதோ மிகைக்கூற்று. தொடக்ககாலச் செயற்கை ஒயில்கள் சில ரப்பர் சீல்களைச் சுருக்கின. இன்றைய கலவைகளில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டுள்ளது. ஒரே தரக்குறியுள்ள இருவகையையும் அவசரத்துக்குக் கலப்பதாலும் எஞ்சின் கெடாது.

அடிக்கடி மாற்றினால் கழிவொயில் பெருகும் என்ற மறுப்புக்கு முழு விடை இல்லை. ஒரு வண்டி ஆண்டுக்குக் கழிக்கும் ஒயில் செயற்கை வகையில் பாதியாகக் குறையலாம். மாத்தளை நகரின் ஊடாக ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையோடு சேர்ந்து வயல்களுக்குப் போகும் நீர். கராஜ் வடிகானில் ஊற்றப்படும் எந்த ஒயிலும் அந்த நீருக்கு ஒன்றுதான். வடித்த ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பது எந்த வகை ஒயிலுக்கும் கட்டாயம்.

செயற்கை ஒயில் பொருந்தும் இடம்

யூரோ-4 அல்லது அதற்கு மேற்பட்ட புதிய எஞ்சின், சுப்பர் டீசல், தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணம் போன்ற நீண்ட தொடர் ஓட்டம், ஒயில் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் பழக்கம் ஆகிய நான்கும் கூடும் இடத்தில் செயற்கை ஒயில் தன் விலையை மீட்கும்; வண்டி கராஜில் நிற்கும் நாட்களும் குறையும். உற்பத்தியாளரின் கையேடு அதையே கோரும் எஞ்சினில் தெரிவுக்கே இடமில்லை. தோட்டத்து லொறிக்கும் மணல் டிப்பருக்கும் இந்த நான்கில் பெரும்பாலும் ஒன்றும் பொருந்துவதில்லை. அவற்றின் உரிமையாளர் முத்திரை உடையாத கலனில் 15டபிள்யூ-40 சீ.ஐ.-4 மினரல் ஒயிலை வாங்கி, மாற்றிய திகதியையும் மீற்றர் அளவையும் எழுதி வைத்து, அடுத்த மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். தவணை தப்பி ஓடும் செயற்கை ஒயிலைவிட, தவணைக்கு மாறும் மினரல் ஒயிலே அந்த எஞ்சினை நெடுநாள் காக்கும்.