காரத்துக்கு முந்திய நொதி

நம் வீடுகளில் கடல்பாசி என்று வழங்கும் அகாரின் வரலாற்றைப் பலரும் 1880-களிலிருந்து தொடங்குவார்கள். ஃபானி ஹெஸ்ஸின் யோசனைப்படி ராபர்ட் கோஹின் ஆய்வகம் கிருமிகளை வளர்க்க அகாரைக் கைக்கொண்ட காலம் அது. ஆனால் அந்த வரலாற்றை உள்ளிருந்து நடத்தியது சல்பேட்தான். பாசிக்கூழில் சல்பேட் மிகுந்தால் கூழ் தளரும், குறைந்தால் இறுகும். ஜப்பானியர் நூற்றாண்டுகளாகக் கெலிடியம் பாசியைக் காய்ச்சி, அந்தக் கூழைக் குளிர்கால இரவுகளில் வெளியே உறையவிட்டு, பகலில் உருகவிட்டு உலர்த்தினார்கள். உறைந்து உருகியதால் நீரும் அதில் கரைந்த அழுக்கும் வெளியேறின. கூழ் இறுகியதற்கோ கெலிடியத்தில் இயல்பிலேயே சல்பேட் குறைவாக இருந்ததே முக்கியக் காரணம். பாசியைத் தேர்ந்தெடுப்பதே அவர்களின் வழியாக இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அகார் நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போகவே, கிராசிலேரியா போன்ற வேறு பாசிகளை நாட வேண்டியதாயிற்று. கிராசிலேரியா கடலில் தாராளமாகக் கிடைத்தாலும் அதன் கூழ் இறுகவில்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர்களும் இந்த வேறுபாட்டை விலையில் அறிவார்கள்: கூழ் நன்கு இறுகும் மரிக்கொழுந்துப் பாசிக்குக் கூடுதல் விலை, கிராசிலேரியா இனமான கஞ்சிப்பாசிக்குக் குறைந்த விலை. ஜப்பானில் போருக்குப் பின் பரவிய தீர்வு காரம். பாசியைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் வைத்து, நன்கு கழுவி, அதன் பிறகே காய்ச்சினார்கள். காரம் சல்பேட்டை நீக்கியதால் கூழ் இறுகியது. 1961-இல் டேவிட் ரீஸ், போர்ஃபைரா என்ற சிவப்புப் பாசியிலேயே இதே வேலையைச் செய்யும் நொதி இருப்பதைக் காட்டினார். அது பாசிக்கூழின் சங்கிலியில் உள்ள கேலக்டோஸ் என்ற சர்க்கரையின் ஆறாம் கார்பனில் உள்ள சல்பேட்டைக் கழற்றி, மூன்றாம் கார்பனுக்கும் ஆறாம் கார்பனுக்கும் இடையே ஆக்சிஜன் பாலம் அமைக்கிறது. சல்பேட் உள்ள இடத்தில் சங்கிலி முறுக்குக் கலைந்து நிற்கும். பாலம் அமைந்தால் இழைகள் சுருண்டு பின்னி நீரைப் பிடித்துக்கொள்ளும். பாசி தனக்குள் பாதியில் விட்ட வேலையைத்தான் காரம் முடித்துக் கொடுத்தது.

தொழில் ஏற்கெனவே கண்ட வழிக்கு நொதி வெறும் விளக்கம்தானே என்று கேட்கலாம். ஒரே முறையில் காய்ச்சினாலும் பாசிக்குப் பாசி இறுக்கம் மாறுவது ஏன் என்பதற்கு விடை அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: காரம் மலிவு, நொதி விலை அதிகம். மேலும், கடல் பாக்டீரியாக்களிலிருந்து எடுக்கும் ஆரில்சல்பேட்டேஸ் என்ற நொதி சல்பேட்டை நீக்கினாலும் பாலத்தைத் தானே அமைப்பதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் காரத்தின் விலையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவையும் சேர்த்தால் கணக்கு மாறும். தளர்ந்த பாசி என்று விலை குறைக்கப்படும் கஞ்சிப்பாசிக்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தர, பாசியின் சொந்த நொதியை ஆராய்வதே நேரான வழி.