மஞ்சள் கொடியும் யங்கோனா வேரும்

ஃபிஜித் தீவுகளுக்கு சொந்த பாய்மரப் படகுல போறவங்க நிறைய பேர் இருக்காங்க. (நமக்கெல்லாம் மெரினாவுல கால் நனைக்கிறதோட சரி :-)) அப்படிப் போறவங்களுக்கு ரெண்டு அனுமதி வேணும். முதல்ல, துறைமுகத்துல மஞ்சள் கொடி ஏத்திட்டு காத்திருக்கணும். "எங்க படகுல நோய் இல்ல, சோதிச்சுட்டு உள்ள விடுங்க"ன்னு அர்த்தம். அரசாங்கம் விட்டாச்சுன்னு நேரா எங்கேயும் இறங்கிட முடியாது. வெளித்தீவுல ஒரு கிராமத்து முன்னாடி நங்கூரம் போட்டா, அந்த ஊர்க்காரங்ககிட்ட தனியா அனுமதி கேக்கணும். இந்தச் சடங்குக்குப் பேர் செவுசெவு.

அங்கே கரையோர மீன்பிடிப் பரப்புகள், மொத்தம் 400-க்கு மேல, அந்தந்த ஊர் மக்களோட பரம்பரை உரிமை. நமக்கு அது சும்மா கடல். அவங்களுக்கு வீட்டுக் கொல்லை. உங்க கொல்லையில எவனோ கூடாரம் போட்டுட்டு, வாசப்பக்கம் வந்து ஒரு வார்த்தைகூட சொல்லலைன்னா சும்மா விடுவீங்களா?

கொண்டு போக வேண்டியது யங்கோனா, அதாவது காவா செடியோட காய்ஞ்ச வேர். (அவங்க எழுதுறது 'க்யூ', வாசிக்கிறது 'ங்க'!) நாண்டி சந்தையில கட்டு கட்டா கிடைக்கும். நம்ம முருகன் கோயில் இருக்கிற அதே நாண்டிதான். முழங்கால் மறைய சுலு கட்டி, தொப்பி, கூலிங்கிளாஸ் எல்லாம் கழட்டிட்டு, தலைவர் முன்னாடி தரையில உக்காந்து வேரைக் கீழே வைக்கணும். அவங்க அதை ஏத்துக்கிட்டா நீங்க அந்த ஊர் விருந்தாளி, உங்க பாதுகாப்பு அவங்க பொறுப்பு. அப்புறம்தான் நீச்சல், ஃபோட்டோ எல்லாம்.

சில யாட்காரங்க இதை நுழைவுச்சீட்டு மாதிரி நினைக்கிறாங்க. வேரைக் கொடுத்தோமா, தண்ணியில குதிச்சோமான்னு. எனக்கு இது ரொம்ப உறுத்துது. கடல் வழியா வந்த ஒரே ஒரு கப்பலால அந்தத் தீவுகள் பட்ட பாடு அப்படி.

1874 அக்டோபர் 10-ல ஃபிஜி பிரிட்டன் வசம் போச்சு. கையெழுத்துப் போட்ட பெருந்தலைவர் தாக்கோம்பாவ், சிட்னிக்கு விருந்தாளியா போனார். அங்கே அவருக்குத் தட்டம்மை. 1875 ஜனவரியில டைடோங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவரை லெவுக்காவுக்குத் திரும்பக் கொண்டு வந்துச்சு. அவர் தேறிட்டார், ஆனா கூட வந்தவங்ககிட்ட நோய் இருந்துச்சு. நோய் இருக்குன்னு காட்டுற மஞ்சள் கொடியை அந்தக் கப்பல் ஏத்தவே இல்ல. யாரும் தடுக்கவும் இல்ல. வரவேற்க ஜனம் திரண்டுச்சு. அடுத்து உள்நாட்டு மலைத் தலைவர்களைக் கூப்பிட்டு கூட்டம் வேற. அவங்க ஊர் திரும்பினப்போ அம்மையும் கூடவே போச்சு. சில மாசத்துல செத்தவங்க சுமார் 40,000 பேர். மொத்த ஜனத்தொகையே ஒண்ணரை லட்சம்தான். நாலு பேருக்கு ஒருத்தருக்கும் மேல...

செவுசெவு இதுக்கெல்லாம் ரொம்ப முந்தின பழக்கம். வர்றவன் எதிரியா விருந்தாளியான்னு அது பாத்துக்கும். கிருமியைப் பாக்கத்தான் கொடி. அதை ஏத்த வேண்டியவங்க ஏத்தல.

நாலு வருஷம் கழிச்சு, 1879 மே மாசம், இந்தியாவிலேர்ந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோட லியோனிடாஸ் கப்பல் கல்கத்தாவுலேர்ந்து வந்துச்சு. வழியிலேயே காலரா, பெரியம்மை. இந்தத் தடவை ஊருக்குள்ள விடல. லெவுக்கா பக்கத்துல ஒரு குட்டித் தீவுல தனியா வச்சிருந்துதான் அனுப்பினாங்க.

2020 கொரோனா சமயத்துலயும் இதே கதைதான். யாட்களுக்குன்னு 'ப்ளூ லேன்'னு ஒரு வழி திறந்தாங்க. 14 நாள் தனிமை கட்டாயம். நிக்காம ஓட்டிட்டு வந்த கடல் நாட்களையும் அந்தக் கணக்குல சேத்துக்கிட்டாங்க.