பேஸ் கிட்டாரின் ஒலிக்குணம்

பேஸ் கிட்டார், சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்வாகச் சுருதி சேர்க்கப்படும் நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட மின்னிசைக் கருவியாகும். மேற்கத்திய முறையில் ஈ, ஏ, டி, ஜி என வழங்கும் அத்தந்திகள் திறந்த நிலையில் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஒலிக்கின்றன. சுருதியில் எல்லாக் கருவிகளும் ஒன்றாயிருந்தும், 1951 முதல் 1976 வரையிலான கால் நூற்றாண்டில் உருவான சில வகைகள் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட்ட நாதத்தைப் பெற்றன. அவ்வேறுபாடுகளே இன்றும் இக்கருவியைப் பற்றிய பேச்சின் அடிப்படையாக உள்ளன. தமிழ் மக்களிடம் இந்த நாதம் பெரும்பாலும் திரைப்பாடல் வழியாகவே வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுசேர்த்த இரு பெரும் இசையமைப்பாளர்களும் தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் பிறந்தவர்கள்: எம்.எஸ். விசுவநாதன் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இலும், இளையராஜா இடுக்கி மலைகளின் கிழக்கு அடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்தில் 1943-இலும் பிறந்தனர்.

இக்கருவிக்கு முன் மேற்கத்திய இசைக்குழுக்களில் கீழ்ச்சுரங்களை ஏந்தியது டபுள் பேஸ் ஆகும். ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும் அந்த மரக்கருவியைத் தூக்கிச் செல்வது கடினம். பித்தளைக் குழல்களும் டிரம்ஸும் முழங்கும் மேடையில் அதன் ஒலி அமிழ்ந்துபோனது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930களின் நடுவில் கிட்டாரைப் போல் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது பரவவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலிப் பழுதுபார்க்கும் கடை நடத்திப் பின் கருவி செய்யத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸே இக்கருவியின் வரலாற்றை உண்மையில் தொடங்கிவைத்தது. கழுத்தில் பதித்த பிரெட்டுகள், அதாவது வீணையில் உள்ளவை போன்ற உலோக மெட்டுகள், விரல் சற்று விலகினாலும் சுரத்தைப் பிசகாமல் நிறுத்தியதால் துல்லியம் என்ற பொருள் தரும் அப்பெயரை அவர் சூட்டினார்.

ஒலிக்குணம் எங்கே பிறக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, பிக்கப் என்ற உறுப்பிலிருந்து தொடங்க வேண்டும். காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டு, தந்திகளுக்கு நேர் கீழே உடலில் பொருத்தப்படுவது பிக்கப் ஆகும். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்னோட்டம் எழுகிறது. தந்தி முழு நீளத்துக்கும் ஒரே அலையாக அதிர்வது அடிப்படைச் சுரம். அதே வேளையில் அது இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து அதிர்வதால் எழுபவை மேற்சுரங்கள். இந்தப் பிரிவுகளுக்கு இடைப்பட்ட புள்ளிகளில் அந்தந்த மேற்சுரத்துக்குரிய அசைவு இருப்பதில்லை. பிக்கப் அத்தகைய ஒரு புள்ளிக்கு நேராக அமைந்தால் அந்த மேற்சுரம் ஒலியில் இடம்பெறாது. தந்திகளின் முனையைத் தாங்கும் குதிரைக்கு அருகில் பிக்கப்பை வைத்தால் அடிப்படைச் சுரம் மெலிந்து மேற்சுரங்கள் ஓங்கும். கழுத்தை நோக்கி நகர்த்தினால் ஒலி கனத்து உருளும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் ஓரத்தில் ஒரு சொல்லும் நடுவில் வேறொரு சொல்லும் எழுவதையும், இடப்பக்கமான தொப்பியில் ஒட்டும் ரவையின் அளவு கூடக் கூட நாதம் தாழ்வதையும் அறிந்த மிருதங்கக்காரருக்கு இது புதிதன்று. தோற்கருவிகள் செய்வதற்குப் பெயர்பெற்ற பாலக்காட்டுப் பெருவெம்பில் கைவினைஞர்கள் காதால் தேர்ந்துகொண்ட அதே வகை அறிவை ஃபெண்டரின் பட்டறையில் சுருளையும் காந்தத்தையும் இடம் மாற்றி மாற்றித் தேடினார்கள்.

பிரெசிஷன் பேஸ் 1957-இல் தன் நிலையான வடிவை அடைந்தது. அதுவரை இருந்த ஒற்றைச் சுருள் பிக்கப், சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. புதிய அமைப்பில் சுருள் இரண்டு துண்டுகளாக்கப்பட்டு, ஒன்று கனத்த இரு தந்திகளுக்கும் மற்றொன்று மெல்லிய இரு தந்திகளுக்கும் என முன்பின்னாக வைக்கப்பட்டது. இரு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டதால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது, தந்தியின் ஒலி மட்டும் கூடி நின்றது. இதன் நாதம் நடுத்தர அதிர்வெண்களில் திரண்டது. தொடக்கத்தில் ஒரு தட்டலும் அதைத் தொடர்ந்து உருண்டையான சுரமுமாக ஒலிப்பது. அதில் பளபளப்பு குறைவு என்பது குறையன்று. பாடகர், வயலின்கள், தாளக்கருவிகள் ஆகிய அனைத்தும் ஒலிக்கும் பாட்டில் கீழ்ச்சுரம் தன் இடத்தை விட்டு நகராமல் இருப்பதற்கு அந்தத் திரட்சியே காரணம். ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கப்படும் பேஸ் இதுதான் என்பது வியப்பன்று.

1960-இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் இரண்டு பிக்கப்புகளைப் பெற்றது. கழுத்தின் மேல்முனை அகலம் பிரெசிஷனில் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் என்றால், இதில் 38 மில்லிமீட்டராகக் குறுகியது. விரல்கள் விரைந்து ஓடின. இரு பிக்கப்புகளும் ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் கேட்பதால், இரண்டையும் முழுவதும் திறந்து வைக்கும்போது நடுத்தர அதிர்வெண்களில் சில ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. அடியும் உச்சியும் தெளிந்து நடு சற்றுக் குழிந்த ஒலி கிடைக்கிறது. குதிரைப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்தால் மூக்கால் பேசுவது போன்ற, உறுமல் கலந்த நாதம் வெளிப்படும். ஒரே கருவிக்குள் இத்தனை முகங்கள் இருப்பதால் மெட்டை எடுத்து வாசிக்க விரும்பியவர்கள் இதையே நாடினர். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றின் பிரெட்டுகளை அகற்றிவிட்டு, விரற்பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பூச்சைப் பூசிக்கொண்டார். 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் தனித் தொகுப்பு இக்கருவியால் பாடவும் இயலும் என்பதை நிலைநாட்டியது. பிரெட் உள்ள பேஸுக்கும் பிரெட் அற்ற பேஸுக்கும் உள்ள உறவு, வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள உறவை ஒத்தது: முன்னது சுரத்தை நிறுத்திக் காட்டும், பின்னது சுரங்களுக்கு இடைப்பட்ட வழியையும் இசையாக்கும்.

ஃபெண்டர் நிறுவனத்துக்கு வெளியே நான்கு குடும்பங்கள் குறிப்பிடத்தக்கவை. கிப்சன் 1953-இல் தொடங்கிய வரிசையின் கருவிகள் தந்தி நீளத்தில் குறுகியவை. ஃபெண்டரின் 34 அங்குலத்துக்கு எதிராக 30.5 அங்குலம். நீளம் குறைந்தால் அதே சுருதிக்குத் தந்தி தளர்ந்திருக்க வேண்டும் என்பதால் அவற்றின் ஒலி தடித்து, சற்று மங்கலாக இருக்கும். ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் 1950களின் நடுவில் வயலின் வடிவில் செய்த பேஸ் உள்ளீடற்றது. தட்டியவுடன் எழுந்து விரைவில் அடங்கும் அதன் ஒலி டபுள் பேஸுக்கு நெருங்கியது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் அதை வாங்கியிராவிட்டால் அது ஒரு வட்டாரக் கருவியாகவே நின்றிருக்கும். ரிக்கன்பேக்கர் 4001 இதற்கு நேர்மாறு: கழுத்தும் உடலின் நடுப்பகுதியும் ஒரே மரமாக ஓடும் கட்டுமானத்தால் சுரம் நெடுநேரம் நீளும், ஒலியில் உலோகக் கணீர் தெறிக்கும். 1976-இல் லியோ ஃபெண்டரின் பங்களிப்புடன் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, பேட்டரியால் இயங்கும் சிறு பெருக்கியைக் கருவிக்குள்ளேயே வைத்து, உயர் அதிர்வெண்களை வாசிப்பவரே கூட்டிக்கொள்ள வழிசெய்தது. கட்டைவிரலால் தந்தியை அறையும் வாசிப்புக்கு அது பொருத்தமாக அமைந்தது.

கருவியை மட்டும் வைத்து ஒலிக்குணத்தை முடிவுசெய்வது அரைகுறையான முடிவாகும். எஃகு நடுக்கம்பியின்மேல் தட்டை நாடாவைச் சுற்றினால் தந்தியின் மேற்பரப்பு வழவழப்பாகி ஒலி மந்தமாகும். உருண்டைக் கம்பியைச் சுற்றினால் பளிச்சிடும். உருண்டைச் சுற்றுத் தந்தியும் சில மாதங்களில் வியர்வையும் அழுக்கும் ஏறித் தன் பளிச்சை இழந்துவிடும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தட்டைச் சுற்றுத் தந்திகள் பூட்டிய பிரெசிஷன் பேஸில் வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றையே பெரும்பாலும் பயன்படுத்தினார்; குதிரை மூடிக்குக் கீழே இருந்த பஞ்சு தந்தியின் நீட்சியை அடக்கியது. அதே கருவியை வேறொருவர் புதிய உருண்டைச் சுற்றுத் தந்திகளும் பிளெக்ட்ரமும் கொண்டு வாசித்தால் இரண்டும் ஒரே கருவி என்று கேட்பவர் நம்பமாட்டார்.

சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் விசுவநாதன், டி.கே. ராமமூர்த்தி இணை 1965 வரை பணியாற்றிய காலத்தில் மேற்கத்தியப் பாணிப் பாடல்களின் அடித்தளத்தை டபுள் பேஸ் தாங்கியது. ஒரே தடத்தில் எல்லாரும் ஒருங்கே வாசித்துப் பதிவான அப்பாடல்களில் கீழ்ச்சுரம் காலடி ஓசையைப் போலத் தாளத்தோடு ஒட்டி நடந்தது. அதைத் தனியே பிரித்துக் கேட்பது எளிதன்று. 1970களில் மின் பேஸ் அந்த இடத்தை மெல்ல எடுத்துக்கொண்டது.

இளையராஜாவின் வருகைக்குப் பின் நிகழ்ந்தது வெறும் கருவி மாற்றமன்று. அண்ணன் பாவலர் வரதராஜன் இன்றைய இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளத்தில் 1958 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடிய காலத்தை ஒட்டி அவருடைய குழுவில் சேர்ந்து, ஆர்மோனியத்தை மையமாகக் கொண்ட மேடைக் கச்சேரிகளில் வளர்ந்த அவர், 1968-க்குப் பின் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். கிட்டார்க்காரராகப் பிற இசையமைப்பாளர்களிடம் வாசித்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய அவர், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை ஸ்டாஃப் குறிமுறையில் தானே எழுதிக் கொடுத்தார், பேஸ் வாசிப்பவருக்கும் அவ்வாறே. அதன் விளைவாகத் தமிழ்ப் பாடலில் பேஸ், ஆதார சுருதியை மட்டும் காட்டி நிற்கும் வேலையிலிருந்து விடுபட்டு, பாடகரின் மெட்டுக்கு எதிராக நடக்கும் இரண்டாவது மெட்டாயிற்று. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் (1982) ‘இளைய நிலா பொழிகிறது’ பாடலில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அகூஸ்டிக் கிட்டாரைத்தான். ஆயினும் அதற்கு அடியில் பேஸ் தனக்கென ஒரு நடையை வகுத்துக்கொண்டு செல்வதைக் கவனித்தவர், அதை மீண்டும் கேளாமல் இருக்க முடியாது. இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன்.

இத்தகைய மெட்டுப் போக்குக்கு நடுப்பகுதி திரண்ட ஒலியே தேவைப்பட்டது. அதற்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. மூணாற்றின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் கம்பம் பள்ளத்தாக்கின் தேநீர்க் கடைகளிலும் இப்பாடல்கள் ஒலித்தது கையடக்க வானொலியிலும் கேசட் பெட்டியிலும் ஆகும். சில விரல் அகலமே கொண்ட அவற்றின் ஒலிபெருக்கிகளால் 41 ஹெர்ட்ஸையோ 55 ஹெர்ட்ஸையோ எழுப்பவே இயலாது. எனினும் 82, 123, 164 ஹெர்ட்ஸ் என அதே வரிசையில் அமைந்த மேற்சுரங்கள் காதை எட்டினால், விடுபட்ட அடிப்படைச் சுரத்தை மனித மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. மேற்சுரங்கள் செறிந்த பேஸ் சிறிய பெட்டியிலும் கேட்கும். அடிக்கனம் மட்டுமே உள்ள பேஸ் அங்கே மறைந்துவிடும். ‘ப்ரியா’ (1978) தொடங்கி ஸ்டீரியோ ஒலிப்பதிவு வந்தபின் கருவிகளுக்கு இடமும் வலமுமாகப் பரப்பு கிடைத்தது; பேஸ் நடுவில் தனியே நின்று தெளிந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்த 1991-க்கு முற்பட்ட காலத்தில் வெளிநாட்டுப் பேஸ் எளிதில் கிடைக்கும் பொருளன்று. வாசிப்பாளர் ஒரே கருவியோடு ஆண்டுக்கணக்கில் பழகினார். தந்தியை மாற்றுவதும் அரிது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்காகக் கணினியும் சீக்வென்சரும் பயன்படுத்தப்பட்டதை ஒட்டி, மின்னலைகளைக் கொண்டே கீழ்ச்சுரத்தை உண்டாக்கும் சிந்தசைசர் பேஸ் தமிழ்ப் பாடலில் வலுப்பெற்றது. அதன் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் விழும். விரலின் அழுத்தமும் தந்தியின் தேய்வும் தரும் நுண்ணிய ஏற்றத்தாழ்வு அதில் இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் ‘ரோஜா’வுக்குப் (1992) பின் சிந்தசைசரைப் பெரிதும் நம்பினாலும், கீத் பீட்டர்ஸின் பேஸை விடாது பயன்படுத்தினார்; கணினியின் ஒழுங்குக்குள் மனிதக் கையின் அசைவு அவ்வாறு நிலைத்தது.

திரைப்பாடல் கேசட்டுகளின் அட்டையில் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் அச்சாயின. பேஸ் வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் அச்சாகவில்லை. ஒலிக்குணம் கருவியும் தந்தியும் கையும் சேர்ந்தே பிறப்பது என்பதால், எந்தப் பாடலில் யார், எந்தக் கருவியை, எந்தத் தந்தியோடு வாசித்தார் என்னும் விவரம் அக்காலக் கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யப்பட வேண்டும்.